ரின்னில் விழாத புளியங்கொட்டை

திலகவதி ரீச்சர் செத்துப்போன செய்தி எனக்கு மண்ணெண்ணெய் வரிசையில் வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவள் சுகந்தி. தீவில் ரீச்சரிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள். இப்போது இடம்பெயர்ந்தோர் முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, ரீச்சர் செத்திட்டா. விடிய ஆறு மணிக்கு."

எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? காலமாகிட்டா எண்டு சொல்ல வராதோ உனக்கு?"

"ரீச்சர் அப்பிடிச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ, ஐயா. செத்தால் செத்ததெண்டு சொல்லவேணுமாம்."

ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் அமரர் ஆகமாட்டார், இறைவனடியும் சேரமாட்டார். அவர் செத்துப்போனார். சீனி வருத்தம், காலில் ஆறாத புண், போட வேண்டிய ஊசி மருந்து இந்தப் பக்கம் வந்து மாதக்கணக்கு. வயது ஐம்பது.

செத்த வீட்டில் நான் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினார்கள். "பாவம், படிச்ச மனிசி. ஆனாலும் அந்த அனலைதீவுப் பிள்ளையைக் கதை சொல்லிக் கடற்கரைக்கு அனுப்பினது இவதானே" என்றார் ஒருவர். மற்றவர் "ச்சு" கொட்டினார். ஐந்து வருடமாக முகாமில் புழங்கிய பேச்சு அது. செத்த பிறகும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ரீச்சரின் அண்ணர் பொன்னம்பலம் ஐயா மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "தம்பி சிவபாலன், முப்பத்தோராம் நாளுக்கு நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறம். வேறை கடுதாசி இல்லை, கோடு போட்ட கொப்பித் தாளிலதான். நீர்தானே அவவோடை கூடப் பழகினது. நல்லதாய் நாலு பக்கம் எழுதித் தாரும். அந்தப் பிள்ளையின்ரை கதையை மட்டும் தொடவேண்டாம்" என்றார்.

மன்னிக்கவேண்டும் ஐயா. அந்தப் பிள்ளையின் கதையைத்தான் தொடப்போகிறேன். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். இதை நீங்கள் அச்சிடாவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வந்த சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று வாசிப்பேன்.

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கில் எங்கள் கடை எரிந்தது. அப்பாவும் நானும் உடுத்த உடுப்போடு தீவிலுள்ள ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்ந்தோம். அப்பா படுத்த படுக்கையானார். எனக்கோ, நான் கொழும்புப் பத்திரிகையொன்றின் சிறுவர் பக்கத்தில் எழுதியிருந்த ஒன்பது கதைகளின் துண்டுகள் காற்சட்டைப் பையில் தப்பி வந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. இதிலிருந்து என் குணம் உங்களுக்கு விளங்கும். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. சீனி நிறுக்கும்போதும் மனதுக்குள் நான் குழந்தை எழுத்தாளன்தான்.

அடுத்த வருடம் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பாடசாலைக்குப் போனேன். மூன்றாம் வகுப்புக்குப் பொறுப்பான திலகவதி ரீச்சருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. ஒல்லியானவர், வெள்ளைச் சேலை, பெரிய மூக்குக்கண்ணாடி. நின்றபடியே ஒன்பதையும் வாசித்து முடித்தார்.

"இது ஆருக்கு எழுதினது?"

"சிறுவர்களுக்கு, ரீச்சர்."

"எந்தச் சிறுவருக்கு?"

"பொதுவாய்..."

"பொதுவாய் ஒரு பிள்ளையும் பிறக்கேல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு வாரும். நீரே வாசியும்."

நான் தலையைச் சீவிக்கொண்டு போனேன். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ரீச்சர் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். என் கதிரைக்கு முன்னால் பால்மா வந்த வெறும் தகர ரின் ஒன்றை வைத்தார். விதி இதுதான்: கதை எந்த இடத்தில் அலுக்கிறதோ, பிடிக்காமல் போகிறதோ அந்த இடத்தில் பிள்ளை எழுந்து வந்து கொட்டையை ரின்னில் போட்டுவிட்டுப் போகலாம். யாரும் ஏசக்கூடாது. வாசிப்பவர் நிறுத்தக்கூடாது. கடைசிவரை கையில் மிஞ்சும் கொட்டைகள்தான் கதைக்குக் கிடைத்த புள்ளி. ரீச்சர் கையில் கொட்டை இருப்பதில்லை. "நான் பிள்ளை இல்லை, எனக்கு என்ன தெரியும்" என்பார்.

என் கதையில் ஓர் இளவரசன் மலையேறி, ஆற்றைக் கடந்து, காட்டில் மானைக் கண்டு, பொய் பேசக்கூடாது என்று அறிந்துகொள்வான். அவன் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேருமுன்னரே முதலாவது "ணங்" கேட்டது. பிறகு அது மழை பிடித்ததுபோல வந்தது. ஆறு வந்த இடத்தில் ஒருவன் கையை உயர்த்தி, "மாமா, ஆறு எத்தினை மணிக்கு வத்தும்?" என்று கேட்டான். தீவில் ஏது ஆறு? அவனுக்குத் தெரிந்த தண்ணீர் கடல். அது நேரத்துக்கு வற்றும், நேரத்துக்குப் பெருகும். ஆறு வற்றாது என்றேன். அவன் என்னை ஒரு பொய்யனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்து கொட்டையைப் போட்டான்.

பிள்ளைகள் போன பிறகு ரீச்சர் ரின்னைக் குலுக்கிப் பார்த்தார். "இருபத்தாறு விழுந்திட்டுது. மிச்சம் இரண்டில ஒருத்தன் நித்திரை. மற்றது சுகந்தி, அவள் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தவள்" என்றார். என் கண் கலங்கியதை அவர் கண்டார். கண்டும் விடவில்லை. "பிள்ளையளுக்கு எழுதிறன் எண்டு குனிஞ்சு குனிஞ்சு எழுதிறீர். அதுகள் குள்ளமில்லை. நீர்தான் உம்மை உயரமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர்."

வீட்டுக்குப் போய் அவரைத் திட்டாத திட்டில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன்.

அன்று நண்டுக் கதை. நண்டு அன்பாக நடந்து வந்து நண்பனைக் கட்டித் தழுவியது என்று எழுதியிருந்தேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டுக் கொட்டைகளைப் போட்டார்கள். "நீர் நண்டைக் கறியிலதான் கண்டிருக்கிறீர்" என்றார் ரீச்சர். அந்தக் கிழமை முழுவதும் பின்னேரம் கடல் வற்றும் நேரத்தில், பாடசாலைப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு என்னைச் சேற்றில் குந்தவைத்தார். வெளுத்த வேட்டியோடு போனேன். நண்டு எப்படி மண்ணைத் தள்ளுகிறது, எப்படி நின்று பார்க்கிறது, எப்படி ஒளிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் எழுதிக் காட்டவேண்டும். பிள்ளைகள் சரி, பிழை சொல்லுவார்கள். இருபத்தொரு சொற்களில் நான்கைத்தான் சரி என்றார்கள். மீன் வாடியில் வேலை செய்தவர்கள் என்னைப் பார்த்து, "சங்கக்கடை ஆளுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் என் பத்தாவது கதை கொழும்புப் பத்திரிகையில் வந்தது. அதை ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் சாப்பிட்ட வடைக்குக் கீழே அது கிடந்தது. "எண்ணெய் உறிஞ்ச நல்ல கடுதாசி" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

கொடுமைக்காரி என்று நான் மட்டும் சொல்லவில்லை. எண்பத்தாறில் ராசன் என்ற பையனின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எட்டாம் நாள் உடல் ஒதுங்கியது. மறுநாள் காலை ரீச்சர் வகுப்பில் சொன்னது எனக்கு வகுப்புப் பிள்ளைகள் மூலம் தெரியும். "ராசன்ரை அப்பா கடலில செத்திட்டார். இனி வரமாட்டார். ராசன் திங்கட்கிழமை வருவான். ஆரும் அவனைச் சுரண்டிக் கேள்வி கேக்கக்கூடாது. அவன் அழுதால் பேசாமல் பக்கத்தில இருங்கோ." ராசனின் உறவினர் அதிபரிடம் போய் முறையிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படியா சொல்வது, கல் நெஞ்சுக்காரி என்று சங்கக்கடையில் வைத்து நானும் சேர்ந்து ஏசினேன். திங்கட்கிழமை ராசன் வந்தான். யாரும் சுரண்டவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அதை யாரும் சங்கக்கடையில் வந்து சொல்லவில்லை.

ஏசினாலும் அவரை விட்டு எனக்குப் போக ஏலாமல் இருந்தது. ஏனென்றால் எழுத்து மெல்லத் திருந்திக்கொண்டிருந்தது. இருபத்தாறு கொட்டை இருபதானது, பதினைந்தானது. எண்பத்தெட்டில் நெடுந்தீவுக் குதிரைக் குட்டியைப்பற்றி ஒரு கதை வாசித்தேன். ஏழு கொட்டைகள்தான் விழுந்தன. நான் வானத்தில் நடந்தேன்.

"நல்லாத்தான் கிடக்கு" என்றார் ரீச்சர். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பாராட்டு அது. உடனே அடுத்ததைச் சொன்னார்: "ஏன் ஏழு விழுந்தது தெரியுமோ? குட்டி தொலைஞ்சு போகுது எண்டு எழுதினீர். எந்த வழியாலை போச்சு? எந்த மதிலைத் தாண்டினது? எந்த மரத்தடியில நிண்டது? பிள்ளை கதைக்குள்ளை நடந்து போகவேணும். நடந்து போக வழியைப் போட்டுக் குடும். வழி சரியாய் இருந்தால் பிள்ளை எங்கையும் போகும்."

அந்த வசனத்தை நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். இப்போதும் அது அங்கே இருக்கிறது. கிழித்துவிடலாமென்று பலமுறை கையை வைத்திருக்கிறேன்.

தொண்ணூறில் தீவுகளை விட்டு ஓடினோம். ஷெல் விழ விழ வள்ளத்தில் ஏறி அராலிக் கரைக்கு வந்து, யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடற்கரைக்குக் கிட்டிய ஒரு பாடசாலையில் அகதியாக உட்கார்ந்தோம். நான் கதைக் கட்டைக் கொண்டு வந்திருந்தேன். ரீச்சர் ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும், அந்தப் பால்மா ரின்னும், புளியங்கொட்டைகளும் கொண்டு வந்திருந்தார். ஒரு கிழமைக்குள் முகாமில் வெள்ளிக்கிழமை வாசிப்பு மறுபடி தொடங்கியது.

அங்கேதான் வதனி வந்தாள். ஏழு வயது. அனலைதீவுப் பிள்ளை. ஓடி வந்தபோது அவளுடைய தாய் கரையிலேயே ஷெல் பட்டுச் செத்துப்போனார்; அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளை வேறு வள்ளத்தில் வந்ததால் எதையும் காணவில்லை. அவளை வைத்திருந்த சின்னம்மா, "அம்மா பிந்தி வள்ளத்தில வருவா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதை மாற்ற அவருக்கு ஏலவில்லை. முகாம் முழுவதும் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்தது. வதனி ஒவ்வொரு நாளும் கஞ்சி வாங்கும்போது அம்மாவுக்கும் ஒரு சிரட்டை வாங்கி வைப்பாள். பின்னேரம் புளித்துப்போகும், ஊற்றிவிடுவாள்.

ரீச்சர் சின்னம்மாவிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"பிள்ளைக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

"ரீச்சர், நீங்கள் பிள்ளை பெறாதவ. உங்களுக்கு இது விளங்காது. ஆராவது அவளுக்குச் சொன்னால் நான் கிணத்துக்கை குதிப்பன்."

திரும்பி நடக்கும்போது ரீச்சர் என்னிடம் சொன்னார்: "நீர் ஒரு கதை எழுதும். அம்மா வரமாட்டா எண்டு அந்தப் பிள்ளைக்கு விளங்கவேணும். விளங்கி அழவேணும். அழுது முடிக்கவேணும். பிறகு கஞ்சியைத் தான் குடிக்கவேணும்."

ஒரு கடற்காகக் குஞ்சின் கதையை எழுதினேன். தாய்ப்பறவை கடலுக்குமேல் போனது, திரும்பவில்லை. குஞ்சு தேடிப் போகிறது. வழியைச் சரியாகப் போட்டேன். பாடசாலைப் படலை, இடிந்த தண்ணீர்த் தொட்டி, மதிலோரம் நிற்கும் பூவரசு, அதற்கு அப்பால் ஒழுங்கை, ஒழுங்கை முடியும் இடத்தில் கடல், கரையில் தட்டையான ஒரு கல். முகாமிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போகலாம். குஞ்சு விடியப்புறம் அந்தக் கல்லில் போய் நின்று பார்க்கிறது. முதல் நாள் அம்மா வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விடிகிறது.

முதலில், "மூன்றாம் நாளும் அம்மா வரவில்லை. அம்மா இனி வரமாட்டாள்" என்றுதான் எழுதினேன். அந்த வரியை வாசிக்கும்போது எத்தனை கொட்டைகள் விழும் என்று ஒரு கணம் யோசித்தேன். இரக்கத்தினால் மாற்றினேன் என்று பொய் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவையும் ரின் வெறுமையாய் இருந்ததில்லை. அன்றைக்கு அது வெறுமையாய் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வரியை வெட்டிவிட்டு எழுதினேன்: "மூன்றாம் நாள் விடிய, அம்மா வந்தாள்."

வெள்ளிக்கிழமை முகாமின் நீண்ட மண்டபத்தில் வாசித்தேன். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். தொடக்கத்திலிருந்து ஒரு கொட்டைகூட விழவில்லை. எனக்கே என் குரல் வேறு ஆளுடைய குரலாய்க் கேட்டது. வதனி முன் வரிசையில் கையை மூடிக்கொண்டு வாய் திறந்தபடி இருந்தாள். மூன்றாம் நாள் விடிந்தது, அம்மா வந்தாள். பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். அப்போது பின்னால் நின்ற ரீச்சர் துணிப்பைக்குள் கையை விட்டார். ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் நீளத்துக்கு நடந்து வந்து ரின்னில் போட்டார்.

ணங்.

பிள்ளைகள் ரீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கடைசி வரியை இப்பவே மாத்தி வாசியும்" என்றார், எனக்கு மட்டும் கேட்க. "பிள்ளையள் இன்னும் எழும்பேல்லை. வாசியும்."

"ஒரு பிள்ளையும் போடேல்லை, ரீச்சர். நீங்கள் பிள்ளை இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவருடைய விதியையே எடுத்து அவருக்கு எறிந்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவ்வளவு நேரமும் போதுமாயிருந்தது. பிள்ளைகள் எழுந்து கொட்டைகளைத் துணிப்பைக்குள் போட்டுவிட்டு ஓடினார்கள். வதனி மட்டும் நின்றாள்.

"மாமா, அந்தக் கல்லு இப்பவும் கிடக்கோ?"

"ஓம் பிள்ளை, கிடக்கு."

அவள் கொட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் கரைக்கு எதிரே கடலுக்கு அப்பால் இராணுவம் இருந்த மண்டைதீவு. விடியற்காலையில் அங்கேயிருந்து ஷெல் வருவது வழக்கம்; பெரியவர்கள் யாரும் அந்த நேரம் அந்தப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும் என்று நினைத்திருந்தோம். திங்கட்கிழமை கஞ்சிக்கு வதனி வரவில்லை. தேடத் தொடங்கியபோது இரண்டு கடற்றொழிலாளர் அவளைச் சாரத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார்கள். ஷெல் பட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாளாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் செத்துப்போனாள்.

சனியும் ஞாயிறும் அவள் போய்வந்திருக்கிறாள் என்று பிறகுதான் அறிந்தோம். சட்டை விளிம்பில் சேறு இருந்ததைச் சின்னம்மா கண்டிருந்தார். கிணற்றடிச் சேறு என்று நினைத்திருந்தார். மூன்றாம் நாள் என்று நான் எழுதியிருந்தேன். பிள்ளை மூன்றாம் நாள்வரை எண்ணிப் போயிருக்கிறாள்.

முகாம் வாசலில் சின்னம்மா ரீச்சரின் சேலையைப் பிடித்து உலுக்கினார். "நீதானேடி கதை கதையெண்டு பிள்ளையைக் கெடுத்தனி! சொல்லாதை எண்டு சொன்னன். கதை சொல்லித்தான் அனுப்பினியோ?" ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள்; கதை என்றாலே அவர்களுக்கு ரீச்சர்தான். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும்: கதையை எழுதியவர் இவர், மாற்றச் சொன்னேன் இவர் மாற்றவில்லை. நான் அவருக்கு ஒரு முழம் பின்னால் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அதற்குப் பிறகு ஐந்து வருடமும் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறேன். அந்தக் கதையை எழுதியவன் நான். அந்த வரியை மாற்ற மறுத்தவன் நான். திலகவதி ரீச்சர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற நடந்து வந்த ஒரே ஆள்.

ஒரு மாதம் கழித்து அவரிடம் போய், இனி எழுதப்போவதில்லை என்றேன். எழுத்தை விடுவதைப் பெரிய தண்டனையாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"விடக்கூடாது" என்றார். "விட்டால் உமக்குச் சுகம். அந்தச் சுகம் உமக்குக் கூடாது. உமக்கு இப்ப எழுத வந்திட்டுது, தெரியுமோ? அந்தக் கதை உம்மடை கதையளுக்கை திறமானது. அதாலதான் பிள்ளை போனது. முந்தின மாதிரி மலையும் மானும் எழுதியிருந்தால் அவள் கொட்டையைப் போட்டிட்டு விளையாடப் போயிருப்பாள்."

இதைவிடக் கொடிய விமரிசனம் எந்த எழுத்தாளனுக்கும் கிடைத்திருக்காது.

அதன்பின் ஐந்து வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசித்தேன். கடற்காகக் கதையையும் திருப்பித் திருப்பி எழுதினேன். அம்மா வரவில்லை என்ற வரி வரும்போதெல்லாம் கொட்டைகள் விழுந்தன. ஒருமுறை முழு வகுப்பும் எழுந்து வந்து போட்டது. நான் ரின்னைத் தூக்கி ரீச்சருக்குக் காட்டினேன், அது நிறைந்திருந்தது.

"போடட்டும்" என்றார். "உயிரோடை இருந்து போடட்டும்."

செத்துப்போவதற்கு மூன்று கிழமைக்கு முன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். புண்ணின் மணம் அறை முழுவதும் இருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தார்.

"ஆசுபத்திரியில பிள்ளையின்ரை கையை விரிச்சு எடுத்துத் தந்தவை. மூடின கை மூடினபடி கிடந்ததாம். உமக்கு விழாமல் போன கொட்டை இது. நீர் ஆசைப்பட்ட புள்ளி. வைச்சுக்கொள்ளும்."

நான் வாங்கினேன். ஐந்து வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ரீச்சர், என்னை மன்னிச்சிட்டீங்களோ?"

"இல்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "என்னையும்தான் மன்னிக்கேல்லை. அண்டைக்கு நான் வாசிப்பை நிப்பாட்டியிருக்கலாம். எழும்பி நிண்டு, பிள்ளையள், இது பொய், வதனின்ரை அம்மா செத்திட்டா எண்டு சொல்லியிருக்கலாம். ராசனுக்குச் சொன்னனான்தானே. சின்னம்மாவுக்குப் பயந்து, ஒரு கொட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தனான். கொட்டையைப் போட்டால் போதும் எண்டு நினைச்சன். என்ரை விளையாட்டை நானே நம்பினன்."

அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு போனபோது அவருக்கு ஆளை மட்டுக்கட்டி அடையாளம் காணத் தெரியவில்லை.

இனிச் செத்த வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்று பலர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஏன் என்று தெரியட்டும். வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தி முகாமிலிருந்து பால்மா ரின்னைக் கொண்டு வந்து ரீச்சரின் கால்மாட்டில் வைத்திருந்தாள். முகாம் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது நான் அரிசியை எடுக்கவில்லை. கால்மாட்டில் நின்று, அந்தக் கதையின் பழைய கடைசி வரியை உரத்துச் சொன்னேன்: "மூன்றாம் நாள் விடிய, அம்மா வந்தாள்." சொல்லிவிட்டு வதனியின் கொட்டையை ரின்னில் போட்டேன்.

ணங்.

தேவாரம் பாடியவர் நிறுத்திவிட்டார். "என்ன சத்தம் அது?" என்று பொன்னம்பலம் ஐயா கேட்டார்.

"கதை மாமான்ரை கதை சரியில்லையாம்" என்றாள் சுகந்தி. "வதனி சொல்லுறாள்." அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரீச்சர், இந்த இடத்தில் போய் வாருங்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதினால் நீங்கள் எழுந்து நடந்து வருவீர்கள், கையில் ஒரு கொட்டையோடு. ஆகவே வெட்டிவிட்டு எழுதுகிறேன். நீங்கள் செத்துவிட்டீர்கள். இனி வரமாட்டீர்கள்.